குட்டு ரொட்டி

“குட்டுப் பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப் பட வேண்டும்” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இந்தப் பழமொழியைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அதன் பொருளை விளக்கிக் கட்டுரையும் எழுதியிருக்கிறேன். ஆனால் அதன் ருசியை அறிந்துகொண்டது தில்லி நகரில், கரோல் பாக்கில் ஒரு வீட்டுச் சமையலறையில், அடுப்புக்குச் சற்றுத் தள்ளி மணை போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான்.

பழமொழிக்கு ருசி ஏது என்று நேயர்கள் கேட்கலாம். வட நாட்டிலே நவராத்திரி விரதத்தின்போது ஒரு வகை மாவினால் ரொட்டி தட்டுகிறார்கள். அந்த மாவுக்குப் பெயர் “குட்டு.” முதல் முதலாக அந்தப் பெயரைக் கேட்டபோது என் கை தானாகவே தலையைத் தடவிப் பார்த்தது. அது தலையில் விழுகிற குட்டு அல்ல, தட்டில் விழுகிற குட்டு என்று தெரிந்த பிறகுதான் மனம் சமாதானம் அடைந்தது.

நமக்கு நவராத்திரி என்றால் கொலு. கொலு என்றால் சுண்டல். ஒன்பது நாளும் ஒன்பது விதமான சுண்டலைத் தின்றுவிட்டு, பத்தாம் நாள் வயிற்றுக்கு ஓமத் திராவகம் தேடுகிற ஜாதி நாம். வட நாட்டார் அந்த ஒன்பது நாளும் விரதம் இருக்கிறார்கள். அதுவும் வருஷத்துக்கு இரண்டு தடவை. பங்குனி, சித்திரையை ஒட்டிச் சைத்ர நவராத்திரி. புரட்டாசி, ஐப்பசியை ஒட்டிச் சரத் நவராத்திரி. அரிசி கூடாது, கோதுமை கூடாது, பருப்பு கூடாது, வெங்காயமும் பூண்டும் கூடாது. சாதாரண உப்புக்கூடக் கூடாது. அதற்குப் பதில் இந்துப்பு. பிறகு எதைத்தான் சாப்பிடுவது? அதற்குத்தான் “ஃபலாஹார்” என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு சிறு ஞானோதயம் உண்டாயிற்று. பலாஹாரம் என்றால் பழ உணவு. அன்னம் ஒதுக்கிய நாளில் கொள்ளும் ஆகாரம். அதுதான் நம் பக்கத்தில் “பலகாரம்” ஆகியிருக்கிறது! ஏகாதசி, அமாவாசை போன்ற நாட்களில் ராத்திரி “பலகாரம்” என்று நம் பாட்டிமார்கள் சொன்னதற்கு இதுதான் மூலம். பிற்பாடு அந்தச் சொல் விரதத்தைக் கைவிட்டு, முறுக்கு, அதிரசம் இவற்றோடு சிநேகம் பிடித்துக்கொண்டு, கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டது. வடக்கே அது இன்னும் விரதம் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பலாஹாரத்தில் பிரதானமானது குட்டு. அது பார்வைக்குத் தானியம் போல் இருந்தாலும் தானியம் அல்ல. நெல், கோதுமை, கேழ்வரகு எல்லாம் புல்லின் குலம். குட்டுச் செடியோ நம் வீடுகளில் மசியல் செய்கிற சுக்கான் கீரையின் குலத்தைச் சேர்ந்தது. அதன் விதை மூன்று முனையுள்ள சிறு கல்லைப் போல, கறுத்த உமியோடு இருக்கும். அதை அரைத்து மாவாக்கிவிட்டால் ரொட்டி தட்டலாம், பூரி பொரிக்கலாம். புல்லின் விதையை விலக்கியவர்களுக்குக் கீரையின் விதை அகப்பட்டது! விரத சாஸ்திரத்தை வகுத்த பெரியவர்களுக்குத் தாவர சாஸ்திரமும் ஒரு வகையில் தெரிந்திருந்தது என்றே எண்ணத் தோன்றுகிறது.

2024ஆம் வருஷம் ஏப்ரல் 9ஆம் தேதி சைத்ர நவராத்திரி தொடங்கியது. அப்பொழுது நான் கரோல் பாக்கில் என் தமக்கையின் வீட்டில் விருந்தாளியாக இருந்தேன். தமக்கை குடும்பம் மாடியில் குடியிருந்தது. கீழே வீட்டுக்காரர்கள், பஞ்சாபிகள். அந்த வீட்டுக்குத் தலைவி எண்பது வயதான ஒரு மூதாட்டி. எல்லோரும் அவரை “மாதாஜி” என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். 1947ஆம் வருஷப் பிரிவினையின்போது, ஜீலம் ஜில்லாவிலிருந்து மூன்று வயதுக் குழந்தையாகத் தாயாரின் இடுப்பில் வந்தவர் அவர். வலது கை மோதிர விரலில் தேய்ந்துபோன ஒரு வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார். அது அவருடைய தாயாரின் மோதிரம்.

விரதத்தின் இரண்டாம் நாள் என்னைச் சாப்பிட அழைத்தார்கள். தட்டில் உருளைக்கிழங்குக் கறி, பூசணிக்காய்க் கறி, தயிர், நிலக்கடலை சேர்த்த ஜவ்வரிசிக் கிச்சடி எல்லாம் இருந்தன.

“மாதாஜி, குட்டு ரொட்டி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைக் காணோமே!” என்றேன்.

யாரும் பதில் பேசவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த மருமகள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மூதாட்டி தமது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தகாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டேன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

பிறகு என் தமக்கை விஷயத்தைச் சொன்னாள். 2011ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், இதே சைத்ர நவராத்திரியின்போது, தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குட்டு மாவுப் பண்டங்களைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கானவர்கள் வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களில் இந்த வீட்டு மருமகளும் ஒருத்தி. அப்பொழுது கல்யாணமாகி முதல் வருஷம். புகுந்த வீட்டில் அவள் நோற்ற முதல் நவராத்திரி அது. “ஒரு ரொட்டி போதும்” என்றவளுக்கு, “இன்னும் ஒன்று சாப்பிடு, பேட்டி” என்று மாமியார்தான் தம் கையால் போட்டாராம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். அன்று முதல் அந்த வீட்டு அடுப்பில் குட்டு மாவு ஏறவில்லை. மருமகள் ஒரு நாளும் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. மாமியாரும் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. பதின்மூன்று வருஷம் அப்படியே கழிந்துவிட்டது.

மாவில் விஷம் எப்படி வந்தது? குட்டு விதையில் கொழுப்புச் சத்து கொஞ்சம் உண்டு. விதை உமிக்குள் இருக்கும் வரையில் அது கெடாமல் இருக்கும். அரைத்து மாவாக்கிவிட்டால் காற்றுப் பட்டுச் சீக்கிரத்தில் சிக்குப் பிடித்துவிடும். ஈரம் சேர்ந்தால் பூஞ்சைக் காளான் பூக்கும். வருஷத்தில் இரண்டு தடவை, பத்துப் பத்து நாள் மட்டும் விலைபோகிற சரக்கு அது. போன நவராத்திரியில் விற்காமல் மூட்டையில் தங்கிய மாவை இந்த நவராத்திரி மாவோடு கலந்து விற்கும் புண்ணியவான்களும் உலகத்தில் இருக்கிறார்கள். விரதம் இருப்பவர்களோ பெரும்பாலும் நாள் முழுவதும் ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் வெறும் வயிற்றோடு அதைத்தான் முதலில் உண்பார்கள்.

மறுநாள் மாதாஜி தாமாகவே என்னிடம் பேசினார்.

“குட்டு ரொட்டி பாவம் செய்யவில்லை, பேட்டா. மாவைக் கடையில் வாங்கின நான்தான் தப்புச் செய்தேன். என் தாயார் மாவு வாங்கவே மாட்டாள். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் விதையாக வாங்கி, விரதத்துக்கு முதல் நாள் வீட்டில் திரிப்பாள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லாமல் போயிற்று.”

“இப்பொழுதும் விதை வாங்கித் திரிக்கலாமே?”

“கடையிலே விதை இருக்கிறது. எந்த வருஷத்து விதை என்று யார் சொல்வார்கள்? விளைந்த இடத்திலிருந்து யாராவது கொண்டுவந்தால் அல்லவா நம்பலாம்!”

நான் அவருக்கு வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மனத்திலேயே தங்கிவிட்டது.

அதே வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில், இமாசலப் பிரதேசத்தில் கின்னௌர் ஜில்லாவுக்குப் பிரயாணமானேன். புராணங்களில் நாம் கேட்டிருக்கும் கின்னரர்களின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் நாடு அது. தில்லியிலிருந்து ராத்திரி ரயிலில் கால்காவுக்குப் போய், அங்கிருந்து 1903ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட சின்ன ரயிலில் ஏறினேன். அது 96 கிலோ மீட்டர் தூரம், சுரங்கத்துக்குச் சுரங்கம் நுழைந்து, சாவதானமாகச் சிம்லாவுக்கு ஏறுகிறது. சிம்லாவிலிருந்து பஸ். நார்கண்டாவைத் தாண்டியபின் பாதை சட்லெஜ் நதியை நோக்கி இறங்குகிறது. அதற்கப்பால் ஒரு பக்கம் கிடுகிடு பாதாளம், மற்றொரு பக்கம் நம் தலைமேல் கவிந்து நிற்கும் பாறை. டிரைவரோ ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஸ்தோத்திரங்கள் அனைத்தும் அன்று மிகவும் பிரயோஜனப்பட்டன.

நார்கண்டாவுக்கு அருகே கோட்கட் என்ற பிரதேசம் இருக்கிறது. தேச பக்தி உள்ளவர்கள் அறியவேண்டிய இடம் அது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்க வாலிபர் 1904ஆம் வருஷம் குஷ்டரோகிகளுக்குத் தொண்டு செய்ய இந்தியாவுக்கு வந்தார். இந்த மலைப் பக்கத்திலேயே தங்கி, இவ்வூர்ப் பெண்ணையே மணந்துகொண்டார். மலைவாசிகளைக் கூலியின்றிச் சுமை தூக்க வைத்த “பேகார்” முறையை எதிர்த்துப் போராடினார். 1921ஆம் வருஷத்தில் காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பிறகு ஹிந்து மதத்தைத் தழுவிச் சத்யானந்தர் என்று பெயர் பூண்டார். 1916ஆம் வருஷத்தில் அவர் அமெரிக்காவிலிருந்து தருவித்து நட்ட ஆப்பிள் கன்றுகள்தான், பின்னாளில் இம்மலை நாட்டுக் குடியானவர்கள் கையில் காசு புழங்க வழி செய்தன. பஸ்ஸின் இரு பக்கமும் சிவந்து தொங்கிய பழங்களைப் பார்த்து அந்த மகானுக்கு மனத்திற்குள் ஒரு கும்பிடு போட்டேன். அந்தப் பழங்களுக்கும் நான் தேடிப்போன குட்டுவுக்கும் ஒரு வழக்கு இருக்கிறதென்று அப்போது எனக்குத் தெரியாது.

கர்ச்சம் என்னும் இடத்தில் பஸ்பா நதி சட்லெஜில் வந்து கலக்கிறது. அங்கே பெரிய பாதையை விட்டு, பஸ்பாவின் கரையோடு மேலேறினால் சாங்லா. அதற்கும் மேலே ரக்சம். எல்லாவற்றுக்கும் மேலே, திபேத்து எல்லையை நோக்கிய அந்தப் பாதையின் கடைசிக் கிராமமாகச் சித்குல். கடல் மட்டத்துக்கு 11,000 அடிக்கு மேல். தேவதாரு மர வீடுகள், கற்பலகை வேய்ந்த கூரைகள், பின்னால் வெள்ளை வெளேரென்ற சிகரங்கள். ஆண்களும் பெண்களும் பச்சைப் பட்டை வைத்த கம்பளித் தொப்பி அணிந்திருந்தார்கள்.

அந்தக் கிராமத்தைச் சுற்றித்தான் குட்டு விளைகிறது. அங்கே அதற்குப் பெயர் “ஓக்லா.” ஆகஸ்டு மாதத்தில் வந்திருந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்திருக்குமாம். நான் போனபோது அறுவடை நடந்துகொண்டிருந்தது. நம் தண்டுக்கீரையைப் போலச் சிவந்த தண்டுகளைப் பெண்கள் அரிவாளால் அறுத்து, கட்டுக் கட்டாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். கூரைகளின் மேல் கதிர்கள் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்ததைத் தடியால் அடித்தால் கறுப்பு மணிகள் பொலபொலவென்று உதிர்கின்றன.

பனி உருகியபின் விதைத்து, மறு பனி விழுவதற்குள் அறுக்கவேண்டிய ஊர் அது. இரண்டரை, மூன்று மாதத்தில் விளைந்துவிடுகிற ஓக்லா அந்த அவசரத்துக்கு ஏற்ற பயிர். வளமான மண்ணையும் அது கேட்பதில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறது: தேனீ. ஓக்லாவின் பூக்கள் இரண்டு ஜாதி. ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விதை பிடிக்கும். “ஃபாஃப்ரா” என்று இதற்கு ஒரு தங்கை உண்டு. அது கசக்கும், ஆனால் இன்னும் கடுமையான குளிரையும் தாங்கும்.

ஒரு குடியானவர் வீட்டில் தங்க இடம் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாள் ஓக்லா மாவைத் தண்ணீரில் கரைத்து, சூடான கல்லில் ஊற்றிப் பரப்பினாள். எனக்கு நாக்கில் ஜலம் ஊறியது. சாக்ஷாத் தோசை! அங்கே அதற்குப் பெயர் “சில்டா.” நிறம் சற்றுக் கறுப்பு, வாசனை, முதல் மழை நனைத்த மண்ணையும் வறுத்த கடலையையும் கலந்தாற்போல், ருசியில் மெல்லிய கசப்பு. நெய் தடவிக் கொடுத்தாள். நாலு தின்றேன், ஐந்தாவதை மறுக்கவில்லை.

“தில்லியில் இதை நவராத்திரி விரதத்தில்தான் சாப்பிடுகிறார்கள்” என்று நான் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள்.

“எங்கள் பாட்டனார் காலத்தில் பனிக்காலம் முழுவதும் இதுதானே சாப்பாடு! கீழே இருக்கிறவர்கள் இதைச் சாப்பிட்டுவிட்டா பட்டினி கிடந்தோம் என்கிறார்கள்?”

எனக்குச் சிறிது வெட்கமாய் இருந்தது. சமவெளியில் ஒன்பது நாளைக்குப் புண்ணியமாக உண்பதை இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக உழைப்பின் சோறாக உண்டிருக்கிறார்கள்!

“உண்டிருக்கிறார்கள்” என்று இறந்த காலத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ராத்திரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது குடியானவர் தம் வயல்களைக் கணக்குச் சொன்னார். அவருடைய தகப்பனார் காலத்தில் எல்லா வயல்களிலும் ஓக்லாவும் ஃபாஃப்ராவும்தான். இப்பொழுது பெரும்பாலும் பட்டாணி, உருளைக்கிழங்கு. கீழே சாங்லாவில் இருக்கும் நிலத்தில் ஆப்பிள். ரேஷன் கடையில் அரிசியும் கோதுமையும் கிடைக்கின்றன. ஒரு லாரி ஆப்பிள் கொண்டுவரும் பணத்தை ஓக்லா கொண்டுவருமா? பிள்ளையைச் சண்டிகரில் படிக்க வைத்தது ஆப்பிள் அல்லவா?

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? மலைக் குடியானவனுடைய வறுமை தீரவேண்டும் என்றுதான் ஸ்டோக்ஸ் கன்று நட்டார். அது தீர்ந்து வருகிறது. “பழைய பயிரையே கட்டிக்கொண்டு பழைய ஏழையாகவே இரு” என்று சொல்ல, ஒன்பது நாள் விரதக்காரர்களுக்கும் இரண்டு நாள் விருந்தாளிக்கும் ஏது உரிமை?

“பின் ஏன் இந்த ஒரு வயலில் மட்டும் இன்னும் விதைக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“நவராத்திரிக்குக் கீழேயிருந்து வியாபாரிகள் வந்து கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விலை கிடைக்கிறது. பிறகு, வீட்டிலே இவளுக்குச் சில்டா இல்லாமல் முடியாது” என்றார்.

மனைவி அவரைப் பார்த்த பார்வையிலிருந்து, சில்டா இல்லாமல் முடியாதது யாருக்கு என்பது எனக்கு விளங்கிவிட்டது.

புறப்படும்போது அந்த வருஷத்து விதையில், நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து ஐந்து கிலோ கேட்டேன். அளந்து துணிப் பையில் போட்டார். யாருக்கு என்று கேட்டார். கரோல் பாக்கு மூதாட்டியின் கதையைச் சொன்னேன். ஐந்து கிலோவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, மேற்கொண்டு இரண்டு கை மணியை அள்ளிப் போட்டார். “இது அந்த அம்மாளுக்கு” என்றார்.

அக்டோபர் 3ஆம் தேதி சரத் நவராத்திரி தொடங்கிற்று. அதற்கு முதல் நாள் தில்லி வந்து சேர்ந்தேன். பையை மாதாஜியின் முன்னால் வைத்து, “விளைந்த இடத்திலிருந்து வந்திருக்கிறது” என்றேன். அவர் ஒரு பிடி எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். பல்லில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், பரணில் கிடந்த சிறு கல் இயந்திரத்தை இறக்கச் சொன்னார்.

முதல் சுற்றில் மணி இரண்டாக உடைந்து உமி கழன்றது. முறத்தில் புடைத்து உமியை நீக்கி, மறுபடி இயந்திரத்தில் இட்டுத் திரித்துச் சல்லடையில் சலித்தார்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய மாவு கிடைத்தது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் திரித்து, மீதியை விதையாகவே வைத்தார்கள்.

இனி, சமையல் முறையைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பெண்மணிகள் என்னை அதற்காகவே மன்னிக்கக்கூடும். கோதுமை மாவைப் போலக் குட்டு மாவுக்குப் பிசுபிசுப்பு கிடையாது. வெறும் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் உதிர்ந்துபோகும். ஆகையால் இரண்டு ஆழாக்கு மாவுக்கு நடுத்தரமான இரண்டு உருளைக்கிழங்கை வேகவைத்துக் கட்டியில்லாமல் மசித்துச் சேர்க்கவேண்டும். சேப்பங்கிழங்கும் சேர்ப்பதுண்டு. இந்துப்பு, மிளகுப் பொடி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கொத்தமல்லி இவற்றைப் போட்டு, வெந்நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசையவேண்டும். பிசைந்ததை நெடுநேரம் வைக்கலாகாது, இளகிவிடும். குழவியால் இட்டால் ஓரம் விரியும். ஆகவே நெய் தொட்ட கையால் வட்டமாகத் தட்டி, மிதமான சூட்டில் கல்லில் போட்டு, சுற்றிலும் நெய் விட்டு, இரு புறமும் சிவக்க வேகவிடவேண்டும். கூடவே தயிர் இருக்கவேண்டும். குட்டு உடம்புக்குச் சூடு என்பது அவர்கள் அனுபவம்.

மாதாஜி மோதிரத்தைக் கழற்றாமலே தட்டினார். ஒவ்வொரு ரொட்டியிலும் அந்த வெள்ளி மோதிரத்தின் தடம் பிறையைப் போல் ஒரு சிறு பள்ளமாகப் பதிந்தது. இந்துப்பைப் போடும்போது அவர் சொன்னார்: “எங்கள் ஊர்ப் பக்கத்துக் கேவ்ராச் சுரங்கத்து உப்பு வீட்டில் கட்டி கட்டியாக இருக்குமாம். வீடு போயிற்று, சுரங்கமும் அந்தப் பக்கம் போயிற்று. விரதம் மட்டும் அம்மாவின் இடுப்பில் என்னோடு வந்தது.”

முதல் ரொட்டியை அவர் தம் தட்டில் போட்டுக்கொண்டார்.

“இன்று நான் மட்டும் சாப்பிடுகிறேன். நாளைக் காலையில் நான் நல்லபடியாக எழுந்தால் மற்றவர்களுக்கு” என்றார். எண்பது வயது மூதாட்டி! நான் தடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மருமகள் உள்ளேயிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, மாமியாருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“மாஜி, எனக்கு இரண்டு” என்றாள்.

மாமியாரின் கை கல்லுக்கு மேலே அப்படியே நின்றது. ரொட்டி ஒரு ஓரத்தில் கருகத் தொடங்கிற்று. மருமகள்தான் அதைத் திருப்பிப் போட்டாள்.

அன்று எல்லோருமே சாப்பிட்டோம். மறுநாள் காலையில் எல்லோருமே சௌக்கியமாக எழுந்திருந்தோம். தட்டில் ஜவ்வரிசிக் கிச்சடியும் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் சேலத்துக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 1940களில், யுத்தத்தினால் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, சேலம் ஜில்லாவில் மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். இன்று வட நாட்டு விரதக்காரர்களுக்குச் சேலத்து ஜவ்வரிசி மூட்டை மூட்டையாகப் போகிறது. மாதாஜிக்கு இதைச் சொன்னபோது, “அப்படியானால் உங்கள் ஊர் நவராத்திரியில் இதைச் செய்வீர்களா?” என்று கேட்டார். “இல்லை, நாங்கள் சுண்டல் தின்போம்” என்றேன். சித்குல் அம்மாள் சிரித்த அதே சிரிப்பை அவரும் சிரித்தார். கின்னௌர்க் குடியானவரும் சேலத்துக் குடியானவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. கரோல் பாக்கில் ஒரு பித்தளைத் தட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதை எழுதத் தூண்டியது ஒரு துக்கச் செய்தி. 2025ஆம் வருஷச் சைத்ர நவராத்திரி ஆரம்பத்தில் டேராடூனில் மறுபடியும் குட்டு மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2011இல் தில்லி கற்ற பாடம் பதினான்கு வருஷத்தில் மறந்துபோயிற்று. அதிகாரிகள் சோதனை போடட்டும், கலப்படக்காரர்களைத் தண்டிக்கட்டும். ஆனால் வீட்டில் செய்யவேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது. மலையில் குட்டு அறுவடையாவது புரட்டாசி, ஐப்பசியில். ஆகவே சைத்ர நவராத்திரிக்கு வரும் சரக்கு அரை வருஷப் பழசு. சரத் நவராத்திரிக்குக் கடையில் இருப்பது பெரும்பாலும் முந்திய வருஷத்தது. விதையாக இருந்தால் பாதகமில்லை. மாவாக இருந்தால் ஆபத்து. விதையை வாங்கி அவ்வப்போது திரித்துக்கொள்வதுதான் உத்தமம். இயலாதவர்கள் தேதியிட்ட கட்டிய பொட்டலத்தையே வாங்கவேண்டும். வாசனை சிக்கடித்தால் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். போன விரதத்து மிச்சத்தை இந்த விரதத்துக்கு வைக்கவே கூடாது.

விதையாகக் கேட்டு வாங்குகிறவர்கள் பெருகினால் மலையிலும் அந்த ஒரு வயல் நிற்கும். ஆப்பிள் மரத்தை வெட்டச் சொல்லவேண்டியதில்லை. இரண்டுக்கும் தேனீதான் வேண்டும்; இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழலாம்.

போன வாரம் தமக்கையிடமிருந்து கடிதம் வந்தது. கீழ் வீட்டில் இப்பொழுது மருமகள்தான் ரொட்டி தட்டுகிறாளாம். மாதாஜிக்குக் கை நடுங்குகிறதாம். ஆனால் தட்டுவதற்கு முன் தம் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி மருமகள் விரலில் போட்டுவிடுகிறாராம். அந்தத் தடம் இல்லாவிட்டால் ருசி வருவதில்லை என்பது அந்த வீட்டார் அபிப்பிராயம். மோதிரக் கையால் பட்ட குட்டின் ருசி அறிந்தவன் என்ற முறையில், நானும் அதை ஆமோதிக்கிறேன்.